கொய்யாவுக்கும் மாம்பழத்துக்கும் ஒட்டும் ஸ்டிக்கர் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும்?

தோப்புக்காரர், கானாடுகாத்தான்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவில் கொய்யா, மா, சப்போட்டா வைத்திருக்கும் சில குடும்பங்கள் ஒன்றுகூடி, இனி எங்கள் பழங்களை ஓர் அடையாளத்துடன் கடைகளுக்குக் கொடுப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். காரைக்குடியிலும் மதுரையிலும் பழம் வாங்கும் கடைக்காரர்கள், வெளிமாநில ஆப்பிளில் இருப்பதைப் போல உங்கள் பழத்திலும் ஒரு ஸ்டிக்கர் இருந்தால் கேட்டு வாங்குவார்கள் என்று சொல்கிறார்கள்.

என் மகள் எங்கள் பக்கத்து வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லின் பூவை நடுவில் வைத்து, சுற்றிலும் கண்டாங்கிச் சேலையின் கட்டங்களை ஓரமாகப் போட்டு, பக்கத்துக்கு 30 மி.மீ. உள்ள ஒரு சதுர ஸ்டிக்கர் வரைந்து கொடுத்தாள். பார்க்க மிக அழகாக இருந்தது. காகிதத்தில் கொஞ்சம் அச்சடித்து ஒட்டிப் பார்த்தோம். மாம்பழத்தின் கன்னத்தில் ஓரளவு நின்றது, கொய்யாவில் அன்று மாலையே நான்கு மூலைகளும் எழும்பிவிட்டன, சப்போட்டாவில் ஒட்டவே இல்லை.

கடையில் வரும் ஆப்பிள், கிவி, வாழை, ஆரஞ்சு எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருப்பதற்குக் காரணம் என்ன? எங்கள் ஊர் அடையாளம் சதுரக் கல்லில் இருப்பதால் அதே வடிவத்தை வைத்துக்கொள்ள வழி உண்டா? அந்த ஸ்டிக்கர்களில் இருக்கும் நான்கிலக்க எண்ணை நாங்களும் போட வேண்டுமா? அச்சுத் தொழில் அறிந்தவர்களும் பழ வணிகம் அறிந்தவர்களும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

அச்சகத்தார், தேவகோட்டை

ஐயா, உங்கள் மகளின் சித்திரத்தில் குறை ஒன்றும் இல்லை, சிக்கல் மூலையில் இருக்கிறது. தட்டையான ஒரு தாளை உருளையின் மேல் சுருக்கமில்லாமல் சுற்றலாம். உருண்டையின் மேல் அப்படிப் படிய வைக்க முடியாது. எவ்வளவு நல்ல பசை போட்டாலும் இது மாறாது, ஏனென்றால் இது வடிவியல் சார்ந்த கட்டாயம். உருண்டையின் மேல் ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு, மேற்பரப்பின் வழியே 10 மி.மீ. அளந்து வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் சுற்றளவு தட்டைத் தாளில் அதே 10 மி.மீ. ஆரத்தில் போட்ட வட்டத்தின் சுற்றளவைவிடக் குறைவாக இருக்கும். ஸ்டிக்கரின் ஓரத்தில் இருக்கும் அந்த உபரி நீளத்துக்குப் போக இடம் இல்லாததால் அது சுருக்கமாகவோ எழும்பிய விளிம்பாகவோ வெளியே தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 மி.மீ. விட்டமுள்ள கொய்யாவில் 20 மி.மீ. விட்டமுள்ள வட்ட ஸ்டிக்கரை ஒட்டினால் ஓரத்தில் உபரியாக நிற்பது சுமார் 0.85 மி.மீ.தான். அதே பழத்தில் 30 மி.மீ. வட்டத்தை ஒட்டினால் உபரி சுமார் 2.9 மி.மீ. ஆகிவிடும். விட்டம் ஒன்றரை மடங்கு கூடும்போது சுருக்கம் மூன்று மடங்குக்கும் மேல் கூடுகிறது. பழம் சிறிதானாலும் இதே கதைதான், 40 மி.மீ. எலுமிச்சையில் அந்த 20 மி.மீ. வட்டமே சுமார் 2.6 மி.மீ. உபரியைத் தரும். உலகம் முழுவதும் பழ ஸ்டிக்கர்கள் சின்னதாகவே இருப்பதற்கு இதுதான் முதற்காரணம் என்பது என் கருத்து.

இப்போது சதுரத்துக்கு வருவோம். 30 மி.மீ. சதுரத்தின் மூலை அதன் மையத்திலிருந்து 21 மி.மீ. தள்ளி இருக்கிறது, அதாவது 42 மி.மீ. வட்டத்தின் விளிம்பில் இருக்கும் இழுவை அந்த மூலையில் இருக்கிறது. அதோடு, பிரிக்கும் விசை முழுவதும் கூரிய ஒரு முனையில் வந்து குவிவதால் அங்கே பசை முதலில் விட்டுக்கொடுக்கிறது. ஒரு முனை எழும்பிய பிறகு தூசும் ஈரமும் உள்ளே போய் மற்றதையும் தூக்கிவிடுகின்றன. வட்டத்துக்கு மூலை இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே தூரம் என்பதால் எங்கிருந்தும் எளிதில் பிரியத் தொடங்காது.

நீள்வட்டம் ஏன் என்றால், எழுத்து கிடையாக ஓடுவது. ஒரு பெயரையும் எண்ணையும் ஒரே வரியில் படிக்கும்படி போட அகலம் வேண்டும், உயரம் அவ்வளவு வேண்டாம். வாழைக்காயில் இந்த வடிவம் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. வாழைப்பழம் ஏறக்குறைய உருளை, ஒரு திசையில்தான் அதிகமாக வளைகிறது. நீள்வட்டத்தின் நீண்ட பக்கத்தைப் பழத்தின் நீளத்தோடு வைத்தால் பெரிய ஸ்டிக்கர்கூடச் சுருக்கம் இல்லாமல் படியும்.

எங்கள் தொழிலின் பக்கத்திலிருந்தும் ஒரு காரணம் உண்டு. ரோலில் வரும் ஸ்டிக்கரை டை என்னும் வெட்டு அச்சை வைத்து மேல்தாளை மட்டும் வெட்டுவோம், அடியில் இருக்கும் மெழுகுத்தாள் வெட்டுப்படாது. வெட்டிய பிறகு ஸ்டிக்கர்களுக்கு இடையே வலைபோல நிற்கும் கழிவைத் தொடர்ச்சியாக உரித்து எடுக்க வேண்டும். கூரிய மூலை உள்ள வடிவங்களில் அந்த வலை மூலையில் கிழிந்து மெஷின் நின்றுபோகும், வளைந்த வடிவங்களில் தடையில்லாமல் ஓடும். வட்டத்தில் தாள் வீணாவது உண்மைதான், ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றியுள்ள சதுரத்தில் ஏறக்குறைய 21 சதவீதம் கழிவாகப் போகும். ஆனால் அந்தச் செலவு, ஒட்டாமல் விழும் ஸ்டிக்கரின் செலவைவிடக் குறைவு.

சதுரம்தான் வேண்டும் என்றால் 18 மி.மீ.க்கு மேல் போகாமல், மூலைகளை நன்றாக உருட்டி, காகிதத்துக்குப் பதிலாக இழுபடும் மெல்லிய படலத்தில் அடியுங்கள். காகிதம் இழுபடாது, மெல்லிய பாலிஎத்திலீன் அந்த ஒரு மி.மீ. உபரியைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். உணவுப் பொதிகளுக்கான அச்சு மை ஐஎஸ் 15495 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதையும் அச்சகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழக்கிடங்கு, பள்ளத்தூர்

நான் சிங்கப்பூரில் பழ இறக்குமதிக் கிடங்கில் பணி செய்தவன் என்ற முறையில் எண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அந்த எண்ணுக்குப் பிஎல்யூ, அதாவது விலை பார்க்கும் எண், என்று பெயர். அமெரிக்கப் பேரங்காடிகளில் 1990 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இப்போது பன்னாட்டு விளைபொருள் தரக் கூட்டமைப்பு அதை நிர்வகிக்கிறது. தளர்வாக, எடை போட்டு விற்கும் பழத்தில் பட்டைக்கோடு (பார்கோடு) பெரும்பாலும் இருக்காது என்பதால், கல்லாவில் இருப்பவர் எந்த வகைப் பழம் என்று அறிந்து சரியான விலையைப் போட அந்த எண் உதவுகிறது. பழத்தின் இனம், ரகம், சில பழங்களுக்கு அளவு, இவ்வளவைத்தான் அது சொல்லும். மஞ்சள் வாழைக்கு 4011 என்றால், எந்த நாட்டின் எந்த நிறுவனம் அனுப்பினாலும் 4011தான். கிவிக்கு 4030. இயற்கை வேளாண்மையில் விளைந்ததாக இருந்தால் முன்னால் 9 சேர்ந்து 94011 என ஐந்து இலக்கம் ஆகும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியை இந்த இடத்தில் மறுத்தாக வேண்டும். 8இல் தொடங்கினால் மரபணு மாற்றிய பழம், 3 அல்லது 4இல் தொடங்கினால் பூச்சிமருந்து அடித்த பழம் என்று அதில் எழுதியிருக்கும். மரபணு மாற்றத்துக்கென 8 ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டது உண்மை. ஆனால் கடைகளில் அது அந்தப் பொருளில் பயன்பாட்டுக்கு வரவே இல்லை, பின்னர் அந்த ஒதுக்கீடும் கைவிடப்பட்டது. பூச்சிமருந்து பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

உங்கள் பழம் காரைக்குடிச் சந்தையிலும் மதுரைக் கடைகளிலும் விற்கப்போகிறது. அங்கே கல்லாவில் யாரும் இந்த எண்ணை அடிப்பதில்லை. பொருளில்லாத எண்ணை அழகுக்காகப் போடுவது வாங்குபவரை ஏமாற்றுவதற்குச் சமம். ஏற்றுமதி செய்யும் நாள் வந்தால் அப்போது போட்டுக்கொள்ளலாம்.

வடிவத்தைப் பற்றி அச்சகத்தார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெரிய கிடங்குகளில் கையால் ஒட்டுவதில்லை. ரோலிலிருந்து வரும் ஸ்டிக்கரை ரப்பரால் ஆன துருத்தி ஒன்று தன் நுனியில் வாங்கி, காற்றழுத்தத்தால் நீண்டு, ஓடிக்கொண்டிருக்கும் பழத்தின் மேல் மெல்ல அழுத்திவிட்டுப் பின்வாங்கும். பழம் எந்தப் பக்கம் திரும்பி வருமோ தெரியாது, எனவே எந்தக் கோணத்தில் விழுந்தாலும் கோணலாகத் தெரியாத வடிவம் தேவைப்படுகிறது. சதுரம் சற்றுத் திரும்பினாலும் கண்ணில் உறுத்தும். சில ஸ்டிக்கர்களின் ஓரத்தில் சிறிய காது போல ஒரு நீட்டல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதில் பசை இருக்காது, நகத்தால் பிடித்து உரிப்பதற்காக விட்டது. உங்கள் ஸ்டிக்கரிலும் அதை வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

லேபிள் சேகரிப்பவள், காரைக்குடி

தீப்பெட்டிப் படம், துணிக்கட்டு லேபிள், பழ ஸ்டிக்கர் எல்லாவற்றையும் நெடுங்காலமாகச் சேர்த்து வருகிறேன். பழத்தின் மேலேயே பெயர் ஏறியது ஒரே நாளில் நடந்ததல்ல. முன்பு பெயர் பெட்டியின் மேல் இருந்தது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுப் பெட்டிகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒட்டப்பட்ட பெரிய வண்ண லேபிள்கள், மரப்பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்ததும் மறைந்தன. வாழைப்பழ வணிகம் செய்யும் ஃபைஃப்ஸ் நிறுவனம் 1929இல் வாழைப்பழத்தில் நீல லேபிளை ஒட்டியது. இன்னொரு வாழைப்பழ நிறுவனமான சிக்கிட்டா தன் நீல ஸ்டிக்கரை 1963இல் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அவற்றைக் கையாலேயே ஒட்டினார்கள். சிக்கிட்டாவின் சின்னமான பெண் உருவம் 1944இல் டிக் பிரவுன் வரைந்தபோது வாழைப்பழமாகவே இருந்தது, 1987இல் ஆஸ்கார் கிரில்லோ அதைப் பெண்ணாக மாற்றி வரைந்தார்.

இரண்டு நிறுவனமும் நீலத்தையே எடுத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது. மஞ்சளின் மேல் நீலம்போல எடுத்துக்காட்டும் நிறம் வேறில்லை. அதோடு, நீலமாக விளையும் பழம் அரிது என்பதால் எந்தக் குவியலிலும் அது தனித்துத் தெரியும். தோப்புக்காரர் அண்ணன் பச்சை நிறத்தில் இலை படம் போட்டு, இயற்கையை நினைவூட்டலாம் என்று எண்ணியிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடும்படி சொல்வேன். பச்சைக் கொய்யாவில் பச்சை ஸ்டிக்கர் இருப்பதே தெரியாது. மாம்பழத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் அப்படியே.

சதுரத்தை விட மனமில்லை என்கிறீர்கள். ஆத்தங்குடிக் கல்லை உற்றுப் பாருங்கள். பெரும்பாலான கற்களில் நடுவில் ஒரு வட்டப் பூ, நான்கு மூலைகளிலும் கால்வட்டங்கள். நான்கு கல்லை ஒன்றாகப் பதிக்கும்போது அந்தக் கால்வட்டங்கள் கூடி இன்னொரு முழுப்பூ ஆகின்றன. ஆகவே மூலைகள் பக்கத்துக் கல்லுக்காகவே இருக்கின்றன; தனியாக ஒரு பழத்தின் மேல் நிற்கும் ஒற்றைக் கல்லுக்கு அவை தேவையில்லை. நடுப்பூவை மட்டும் எடுத்து வட்டத்தில் வைத்தால் அது ஆத்தங்குடிப் பூதான் என்பதை நம் பக்கத்துக்காரர் எவரும் உடனே அறிவார்.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. அந்தக் கல்லைச் செய்பவர்கள் கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். கலவை ஓடி நிரம்ப வேண்டும் என்பதால் அறைகள் மிக மெல்லியதாக இருக்க முடியாது. பூவிதழ் தடிமனாகவும், நிறம் மூன்று நான்குக்குள்ளும், எல்லை தெளிவாகவும் அமைந்துவிடுகிறது. 20 மி.மீ. அளவுக்குச் சுருக்கினாலும் அந்தப் பூ சிதையாமல் இருப்பதற்கு இந்தச் செய்முறையே காரணம். கண்டாங்கிக் கட்டம் அப்படியல்ல. அதன் அழகு நூலின் நுணுக்கத்தில் இருக்கிறது. ஓரத்தில் 2 மி.மீ. பட்டையாகச் சுருக்கினால் கட்டங்கள் கலந்து அழுக்குக் கோடுபோல ஆகிவிடும். அதன் அரக்குச் சிவப்பையும் மஞ்சளையும் மட்டும் எடுத்துக்கொண்டு கட்டத்தை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அரக்குச் சிவப்பு பச்சைக் கொய்யாவிலும் நன்றாக எடுக்கும்.

தோப்புக்காரர், கானாடுகாத்தான்

மூவருக்கும் நன்றி. ஆச்சி சொன்ன நடுப்பூவை மகளிடம் காட்டினேன், அவளுக்கும் பிடித்துவிட்டது. சப்போட்டாவுக்கு வேறு பசை போட்டால் நிற்குமா? பூவோடு என்னென்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

வேளாண்மை படித்தவன், புதுவயல்

சப்போட்டாவுக்குப் பசையை மாற்றிப் பயனில்லை. அதன் தோலின் மேல் தவிடு போன்ற பழுப்புத் துகள் இருக்கிறது. ஸ்டிக்கர் அந்தத் துகளில்தான் ஒட்டுகிறது, தோலில் ஒட்டுவதில்லை. துகள் உதிரும்போது அதுவும் சேர்ந்து விழுந்துவிடும். வலுவான பசை போட்டால் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வரும், அந்த இடத்தில் பழம் அழுகும்.

ஆனால் எனக்கு அடிப்படையிலேயே ஒரு மாற்றுக் கருத்து உண்டு, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொய்யா தோலோடு உண்ணும் பழம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பில், பழங்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதைத் தவிர்க்கும்படி வணிகர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் ஒட்டப்படும் பல ஸ்டிக்கர்கள் தரமானது, சோதிக்கப்பட்டது என்று வெறுமனே சொல்கின்றனவே தவிர, வாங்குபவருக்குப் பயன்படும் எந்தச் செய்தியையும் தருவதில்லை என்பதையும், பசையின் பாதுகாப்பு உறுதியற்றது என்பதையும் அது காரணமாகக் காட்டுகிறது. சில கடைகளில் அழுகல் இடத்தை மறைக்க ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கமும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் உங்கள் பழம் சேரக் கூடாது.

பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்கு இன்னொரு தீங்கு உண்டு. நம் வீடுகளில் பழத்தோல் மாட்டுக்கோ ஆட்டுக்கோ எருக்குழிக்கோ போகிறது. தோலோடு போகும் அந்தத் துண்டு மண்ணில் மட்காது. பிரான்ஸ் நாட்டில் 2022 ஜனவரி 1 முதல், வீட்டு எருவில் மட்கும் ஸ்டிக்கரைத் தவிர வேறெதையும் பழத்தின் மேல் நேரடியாக ஒட்டக் கூடாது என்று சட்டமே கொண்டுவந்தார்கள். சுவீடனில் ஐசிஏ என்ற கடைத்தொடர், ஸ்டிக்கருக்குப் பதிலாக அவகாடோ, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றின் தோலிலேயே லேசர் ஒளியால் பெயரைப் பொறித்துப் பார்த்தது. மேல்தோலின் நிறம் மட்டும் நீங்குவதால் அதற்கு மையும் வேண்டாம், பசையும் வேண்டாம். அந்தக் கருவி நம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டாது. ஆனால் நம் கைக்கு எட்டும் ஒன்று இங்கேயே இருக்கிறது. கொய்யாவையும் சப்போட்டாவையும் பனை ஓலைக் கொட்டானில் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று வைத்து, உங்கள் வட்டப் பூவை அட்டைச் சீட்டாக அடித்து நூலால் கட்டிக் கொடுங்கள். ஸ்டிக்கரை மாம்பழத்துக்கு மட்டும், அதுவும் தோலை உரித்து எறிவதால், வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தைப் பொறுத்தவரை, பழத்தின் ரகம், விளைந்த ஊர், உங்கள் குழுவின் பெயர் ஆகிய மூன்றும் போதும். தரச்சொல் எதையும் போட வேண்டாம். பறித்த தேதியைக் கொட்டானின் சீட்டில் கையால் எழுத இடம் விடுங்கள், ஏனென்றால் அது வாங்குபவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் செய்தி.

பழக்கிடங்கு, பள்ளத்தூர்

புதுவயல் தம்பி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மதுரைக் கடையில் கொட்டானைப் பிரித்துத் தட்டில் கொட்டி, வேறு தோட்டத்துக் கொய்யாவையும் கலந்து விற்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அப்போது உங்கள் அடையாளம் குப்பைத் தொட்டியில் கிடக்கும், உங்கள் பெயர் கலப்படப் பழத்துக்குப் போகும். பழத்தின் மேலேயே பெயர் ஏறியதன் தேவை அங்கிருந்துதான் வந்தது. கொட்டானை மூடிக் கட்டி, பிரிக்காமல் விற்க ஒப்புக்கொள்ளும் கடைகளுக்கு மட்டும் கொய்யாவைக் கொடுக்க முடிந்தால் அந்த வழி செல்லும்.

அச்சகத்தார், தேவகோட்டை

மாம்பழத்துக்கு அளவு சொல்லிவிடுகிறேன். 24 மி.மீ. அகலம், 18 மி.மீ. உயரமுள்ள நீள்வட்டம், பூ இடப்பக்கம், எழுத்து வலப்பக்கம், வலது ஓரத்தில் பசையில்லாத காது. கொட்டான் சீட்டில் பூ நடுவில் இருக்கட்டும், அங்கே அட்டை தட்டையாக இருப்பதால் 60 மி.மீ. வரை போகலாம், ஆச்சி விடச் சொன்ன கண்டாங்கிக் கட்டத்தை அந்த அளவில் தாராளமாகப் போடலாம், நூல் நூலாகத் தெரியும். உங்கள் மகளின் சதுரமும் அங்கே பொருந்தும்.

வீட்டு எருவில் மட்கும் ஸ்டிக்கர் தாளுக்கு விலை கூடுதல், சிறிய ரோலாகக் கிடைப்பது கடினம். கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பூச்சு இல்லாத மெல்லிய காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாம்பழத்தின் கன்னம் ஓரளவு தட்டையாக இருப்பதால் இந்தச் சிறிய அளவில் காகிதமும் அதில் படியும். டை செய்யக் கொடுப்பதற்கு முன், அதே வடிவத்தைக் கத்தரியால் வெட்டி, பெரிய பழம், சிறிய பழம் இரண்டிலும் ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். பழத்தைத் துடைத்து, பால் கறை முழுவதும் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்து வியர்த்திருக்கும் பழத்தில் ஒட்டினால் எந்தப் பசையும் பிடிக்காது. காம்புக்கு அருகே தோள்பகுதியில் வளைவு அதிகம், அங்கே ஒட்ட வேண்டாம்.